கல்லீரல் மாற்று: எப்போது தேவை, எங்கிருந்து தொடங்குவது?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் முதலில் கேட்பவை பெரும்பாலும் இரண்டு: எவ்வளவு செலவாகும், மருந்திலேயே சரிப்படுத்த முடியாதா? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு இன்னும் எவ்வளவு அவகாசம் இருக்கிறது?

அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நேராக மாற்று மையத்துக்கு ஆம்புலன்சில் வருபவர்கள் நம் ஊரில் அதிகம். அதற்குள் சிறுநீரகம் பழுதாகியிருக்கும், நுரையீரலில் கிருமித் தொற்று இருக்கும், உடலில் சதை கரைந்து எலும்பு தெரியும். கொடுக்க ஆள் இருந்தும், பணம் இருந்தும் அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலை அது. ஆகவே, மாற்று உடனே வேண்டுமா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உரிய நேரத்தில் மாற்று மையத்தில் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது. போய்க் காட்டினால் அறுத்தே தீருவார்கள் என்ற பயம் வேண்டாம். “இப்போதைக்கு வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் நிறையப் பேர்.

முதல் படி: நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

வலப்பக்க விலா எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பு கல்லீரல். அடிபட்டால் தானே வளர்ந்து சரிசெய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் மது, ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் வரும் ஃபேட்டி லிவர் என்று ஏதோ ஒன்று ஆண்டுக்கணக்கில் தாக்கிக்கொண்டே இருந்தால், நல்ல திசு இருந்த இடத்தில் தழும்பு படர்ந்து கல்லீரல் கெட்டிப்பட்டுச் சுருங்கிப்போகும். இதைத்தான் சிரோசிஸ் என்கிறார்கள்.

சிரோசிஸ் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதாலேயே மாற்று தேவை என்று ஆகிவிடாது. தழும்பு விழுந்த கல்லீரலும் பல ஆண்டுகள் வேலையைச் சமாளித்துக்கொண்டிருக்கும். இந்தக் கட்டத்தில் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 12 ஆண்டுகளுக்கும் மேல். குடியை அடியோடு நிறுத்தினால், ஹெபடைட்டிஸ் பி-க்குத் தினசரி மாத்திரை எடுத்தால், ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளிலேயே ஒழித்துவிட முடிவதால் அதைச் செய்தால், பலர் மாற்றுச் சிகிச்சையின் பக்கமே போகாமல் காலம் தள்ளுகிறார்கள்.

நிலைமை மாறுவது கல்லீரலால் இனிச் சமாளிக்க முடியாமல் போகும்போது. அதற்கு நான்கு அடையாளங்கள். வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது. உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் வெடித்து ரத்த வாந்தி எடுப்பது, அல்லது தார்போல் கறுப்பாக மலம் போவது. கண் மஞ்சளாகி, மஞ்சள் இறங்காமலே இருப்பது. நான்காவது, புத்தி தடுமாறுவது. இவற்றில் ஏதேனும் ஒன்று முதல்முறையாக வந்த பிறகு சராசரி ஆயுள் 2 ஆண்டுகள் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. மாற்று மையத்தில் காட்ட வேண்டிய நேரம் இதுதான். நீரை எடுத்து, ரத்தக்குழாய்க்கு எண்டோஸ்கோப்பியில் வளையம் போட்டு வீட்டுக்கு அனுப்பியதும் “இப்ப நல்லா இருக்காரு” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். வெளியே தெரிந்த தொல்லை அடங்கியிருக்கிறதே தவிர உள்ளே கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது.

அந்த நான்காவது அடையாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை முதலில் பார்க்கப்போவது மருத்துவர் அல்ல, வீட்டில் இருப்பவர்கள். குடலில் உருவாகும் அம்மோனியா போன்ற கழிவுகளைக் கல்லீரல் வடிகட்டாமல் விடும்போது அவை மூளையைத் தாக்குகின்றன. தொடக்கத்தில் பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. பிறகு வழக்கமாகப் போடும் கையெழுத்து கோணலாகி வங்கியில் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். சட்டைப் பொத்தானைப் போடத் திணறுவார். இரு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் விரல்கள் படபடவென்று சரியும். சிலர் சம்பந்தமில்லாமல் கோபப்படுவார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டார் என்று வீட்டில் சண்டை நடக்கும். மலச்சிக்கல், காய்ச்சல், தூக்க மாத்திரை ஆகிய மூன்றும் இதைத் தூண்டிவிடும். லாக்டுலோஸ் சிரப் எழுதிக்கொடுத்திருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் இளக்கமாகப் போகும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். “வயிறு போகிறது” என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மருந்தின் வேலையே அதுதான்.

காமாலைக்குக் கீழாநெல்லி போதாதா?

இந்தக் கேள்வி வராத வீடு தமிழ்நாட்டில் குறைவு. காமாலை என்பது நோயின் பெயர் அன்று, உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளம். மாசுபட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, இ வைரஸ் காமாலை பெரும்பாலானவர்களுக்கு ஓய்வெடுத்தாலே சில வாரங்களில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சிரோசிசில் வரும் காமாலை அப்படி இறங்குவதில்லை. பத்தியம், மருந்து என்று ஊர் ஊராகச் சுற்றுவதில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். இந்த நோயில் அது மிகப் பெரிய இழப்பு. போதாதற்கு, சீந்தில் போன்ற சில மூலிகைகளே கல்லீரலைத் தாக்கியதாக இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை மீது யாருக்கும் பகை இல்லை. பழுதான கல்லீரல் இருப்பவர், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியையும் லேகியத்தையும் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: மெல்ட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

பிலிருபின், கிரியேட்டினின், ஐஎன்ஆர் ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளிலிருந்து மெல்ட் என்ற எண்ணைக் கணக்கிடுகிறார்கள். இப்போது சோடியத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முதலாவது கல்லீரல் கழிவை வெளியேற்றும் திறனையும், இரண்டாவது சிறுநீரகத்தின் நிலையையும், மூன்றாவது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தையும் காட்டும். எண் 6-இல் தொடங்கி 40 வரை போகும். அடுத்த மூன்று மாதங்களில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அது சொல்கிறது. 10-க்குக் கீழே இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. 30-ஐத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மூன்று மாதத்தைக் கடப்பதில்லை.

பொதுவாக 15 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவருக்கு அறுவை சிகிச்சையின் ஆபத்து நோயின் ஆபத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும். அதற்கு மேலே போனால் மாற்றுதான் பாதுகாப்பான பாதை. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. எத்தனை முறை எடுத்தாலும் வயிற்றில் நீர் திரும்பக் கோத்துக்கொள்பவருக்கு எண் 12 ஆக இருந்தாலும் மாற்று தேவைப்படலாம். ஒவ்வொரு முறை ரத்தம் பார்க்கும்போதும் எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதத்தில் 11, 14, 18 என்று ஏறிக்கொண்டே போனால் யாரும் சொல்லாமலே உங்களுக்குப் புரியும்.

எண்ணுக்குக் காத்திருக்கக் கூடாதவர்கள்

கல்லீரலில் எந்த நோயும் இல்லாமல் நன்றாக இருந்தவருக்குச் சில நாட்களிலேயே காமாலை வந்து, நினைவு தடுமாற ஆரம்பித்தால் அது திடீர் கல்லீரல் செயலிழப்பு. இங்கே மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். வைரஸ், அளவுக்கு மீறிய பாராசிட்டமால், சில காசநோய் மருந்துகள் ஆகியவற்றோடு நம் மாநிலத்தில் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிமருந்தும் இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதை உட்கொண்டவர் முதல் ஓரிரு நாள் ஒன்றும் ஆகாதவர்போல நன்றாகவே இருப்பார். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கல்லீரல் பழுதாவது அதற்குப் பிறகுதான் தெரியவரும். வாந்தி எடுத்துவிட்டார், தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிளாஸ்மா மாற்றும் சிகிச்சையால் மாற்று இல்லாமலே பிழைப்பவர்களும் உண்டு. அதற்கும் நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

சிரோசிஸ் இருப்பவருக்குக் கல்லீரலிலேயே புற்றுநோய் உண்டானால் அங்கும் மெல்ட் எண் பொருந்தாது. கட்டி ஒன்றே ஒன்றாக, 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால், அல்லது அதிகபட்சம் மூன்று கட்டிகள், ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், ரத்தக்குழாய்க்குள் பரவாமல் இருந்தால், மாற்று நல்ல பலன் தரும். 1996-இல் இத்தாலியில் வகுத்த இந்த அளவுகோலை மிலன் அளவுகோல் என்பார்கள். கட்டி பெரிதாவதற்குள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், சிரோசிஸ் உள்ள ஒவ்வொருவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று. பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்து, மலம் வெளுத்துச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. 60 நாளுக்குள் செய்தால் கசாய் என்ற அறுவை சிகிச்சை பலருக்குப் பலன் தரும். அது கைகொடுக்காத குழந்தைகளுக்கு மாற்றுதான் வழி. 1998-இல் டெல்லியில் நடந்த, இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று இதே நோய்க்காகத்தான். காஞ்சிபுரத்தைச் சேர்ந்த அந்தக் குழந்தைக்குத் தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகியிருக்கிறார்.

மூன்றாம் படி: மாற்று மையத்தில் மதிப்பீடு

போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். எண்டோஸ்கோப்பி படங்கள், சிடி ஸ்கேன் சிடி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் நாளிலேயே அங்குள்ள டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டரைச் சந்தித்து அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இனி வரும் மாதங்களில் உங்களுக்கு அதிகம் உதவப்போவது அவர்தான்.

மதிப்பீட்டில் இதயம், நுரையீரல், சிறுநீரகம், பல், மறைந்திருக்கும் காசநோய் என்று தலை முதல் கால் வரை பார்ப்பார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேர அறுவை சிகிச்சையையும், அதன்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளையும் உடல் தாங்குமா என்பதுதான் கேள்வி. கல்லீரலுக்கு வெளியே பரவிய புற்றுநோய், கட்டுக்குள் வராத தொற்று, மோசமான இதய நோய் இருந்தால் மறுத்துவிடுவார்கள்.

குடிப்பழக்கத்தால் கல்லீரல் போனவர்களுக்கு மனநல மருத்துவர் பேச்சும் உண்டு. பொதுவாக ஆறு மாதம் குடிக்காமல் இருக்கச் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில் கல்லீரல் தானே தேறி மாற்றே வேண்டாம் என்றாகிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே பொய் சொல்லாதீர்கள். கடைசியாகக் குடித்தது போன மாதம் என்றால் போன மாதம் என்றே சொல்லுங்கள். தண்டிப்பதற்காக யாரும் கேட்கவில்லை. உதவி தேவைப்படுகிறதா என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள்.

நான்காம் படி: கல்லீரல் எங்கிருந்து வரும்?

இரண்டு வழிகள். மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் கொடுப்பது ஒன்று. உயிரோடு இருக்கும் உறவினர் ஒரு பகுதியைக் கொடுப்பது மற்றொன்று.

முதல் வழிக்கு, மாற்று மையம் உங்கள் பெயரைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமான ட்ரான்ஸ்டானின் காத்திருப்போர் பட்டியலில் பதிவு செய்யும். 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு, இந்தக் கொடை தமிழ்நாட்டில் மக்களிடம் பரவலாக வேரூன்றியது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே மூளைச்சாவு உறுதி செய்யப்படுகிறது. 2023 முதல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது. பதிவு செய்தவர்கள் கைபேசியை எப்போதும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டியிருக்கும். மதுரையிலோ நெல்லையிலோ இருந்துகொண்டு சென்னையில் பதிவு செய்திருந்தால், எந்த வண்டியில், யாரோடு, எவ்வளவு நேரத்தில் போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள்.

காத்திருக்க அவகாசம் இல்லையென்றால் உறவினர் கொடை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரைச் சட்டம் நெருங்கிய உறவினர் என்கிறது. மற்றவர்கள் கொடுக்க வேண்டுமென்றால் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குவது குற்றம். 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. “ஆள் ஏற்பாடு பண்ணித் தர்றேன்” என்று மருத்துவமனை வாசலில் எவராவது அணுகினால் பேச்சே கொடுக்காதீர்கள்.

கொடுப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ரத்த வகை பொருந்த வேண்டும். பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு தடையில்லை. அவர் கல்லீரலில் கொழுப்பு அதிகம் இருந்தால் எடையைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலப்பகுதியை, அதாவது ஏறக்குறைய 60 விழுக்காட்டை எடுப்பார்கள். கொடுப்பவரிடம் குறைந்தது 30 விழுக்காடாவது மிஞ்ச வேண்டும் என்பது கண்டிப்பு. மிஞ்சியது சில மாதங்களில் வளர்ந்து ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடும். பத்து நாள் மருத்துவமனை, இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்காத வாழ்க்கை, பிறகு வழக்கமான வேலை. ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவரிலிருந்து ஐவர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். சிறியதுதான், ஆனால் நல்ல உடம்போடு படுப்பவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவி, அல்லது தாய், அல்லது கல்யாணமாகிப் போன மகள். “நீ கொடுக்காம யார் கொடுப்பா?” என்று பெரியப்பாவும் அத்தையும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். மருத்துவமனையில் கொடையாளரைத் தனியாக அழைத்து, குடும்பத்தார் இல்லாத அறையில் பேசுவார்கள். அங்கே “எனக்கு விருப்பம் இல்லை” என்று சொல்லிவிடலாம். உண்மைக் காரணத்தை வெளியே சொல்லாமல், “மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை” என்று மட்டும் குடும்பத்துக்குத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளலாம். அறுவை அறைக்குள் போகும் நிமிடம் வரை மனம் மாறும் உரிமை அவருக்கு உண்டு. இதை அவருக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு, இந்தக் கட்டுரையை வீட்டில் முதலில் படிப்பவருக்கு இருக்கிறது.

பணம்

தனியார் மருத்துவமனைகளில் 20 லட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் ஆகலாம். சிக்கல் வந்தால் கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் அடங்கும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். வழக்கமான 5 லட்சத்தைத் தாண்டும் இத்தகைய சிகிச்சைகளுக்குத் தனித் தொகுப்பு நிதி இருக்கிறது. முன் அனுமதி வாங்க நாளாகும் என்பதால் அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். சென்னை ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. நிலத்தை விற்பதற்கு முன் அங்கே ஒருமுறை போய் விசாரியுங்கள். கணக்குப் போடும்போது அறுவைக் கட்டணத்தோடு, மருத்துவமனை அருகே வாடகை வீடு, பின்னால் மாதா மாதம் வரும் மருந்து, பரிசோதனைச் செலவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் நாட்களில்

அறுவை சிகிச்சையைத் தாங்குவதற்குச் சதை வேண்டும். கல்லீரல் நோய்க்குப் பருப்பு, முட்டை, மீன் எல்லாம் ஆகாது என்று கஞ்சியும் இளநீருமாகக் கொடுத்து ஆளை மெலியவைப்பது பழைய பழக்கம். அது தவறு. ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். இரவு நீண்ட நேரம் வெறும் வயிறாக இருந்தால் உடல் தன் சதையையே கரைக்கும். எனவே படுக்கப்போகும் முன் இரண்டு இட்லியோ, பாலும் பொட்டுக்கடலையுமோ கட்டாயம். வயிற்றில் நீர் உள்ளவருக்கு உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, வற்றல் நான்கையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். வலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். தடுப்பூசிகளை இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமியால் ஆன சிலவற்றை மாற்றுக்குப் பிறகு போட முடியாது.

ஆறாம் படி: மாற்றுக்குப் பிறகு

முதல் சில நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவு, மொத்தமாக இரண்டு மூன்று வாரம் மருத்துவமனை. புதுக் கல்லீரலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் அடிக்கடி பார்ப்பார்கள். நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு முதல் ஆண்டைக் கடக்கிறார்கள். ஓராண்டைக் கடந்தவர்கள் பலர் வேலைக்குப் போகிறார்கள், குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள்.

அதன்பின் எல்லாம் மருந்தில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை வழக்கமாக 12 மணி நேர இடைவெளியில் சாப்பிட வேண்டும். காலை 9 என்றால் இரவும் 9. உடம்பு நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தினால் உடல் கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கும், தொடக்கத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில், காலை மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். போட்டுவிட்டுப் போனால் அளவு தப்பாக வரும். பம்பளிமாஸ் பழம் அந்த அளவை ஏற்றிவிடும் என்பதால் அதைத் தொட வேண்டாம். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். எனவே சளிக்கோ பல்வலிக்கோ உள்ளூர் மருத்துவரிடம் போனாலும் மருந்துச் சீட்டை முதலில் கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுவிட்டு மாத்திரையை வாங்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அடுத்த நாள் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த இரவிலேயே கூப்பிடுங்கள்.